பெண்களுக்கும் பாலினப் பன்மையருக்கும் தனி ஒலி விருது: விண்ணப்பிக்கவா, வேண்டாமா?

குடுவை எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு விருதின் விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். இசையிலும் ஒலியிலும் புதிதாக ஏதாவது செய்கிற பெண்களுக்கும் பாலினப் பன்மையருக்கும் (திருநர், ஆண்-பெண் என்ற இருமைக்குள் வராதவர்கள்) என்று அறிவித்திருக்கிறார்கள். சின்னத் தொகை, கொஞ்சம் ஸ்டுடியோ நேரம், ஒரு மேடை.

நான் செய்வது இதுதான். ஐந்து கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் வாய்க்கு மேலும் ஒரு குட்டி ஸ்பீக்கர், உள்ளே தொங்கும் சின்ன மைக். ஸ்பீக்கரில் வருவதை மைக் பிடிக்கும், மைக் பிடித்தது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், ஊளை கிளம்பும். மேடையில் எல்லோரும் பயப்படுகிற அதே ஃபீட்பேக்தான். ஆனால் குடுவைக்குள் அது கண்டபடி கத்தாது. எந்தச் சுருதியில் நிற்பது என்பதைக் குடுவையின் வயிறும் வாயும் சேர்ந்து முடிவு செய்யும். உள்ளங்கையால் வாயைப் பாதி மூடினால் சுருதி இறங்கும், தண்ணீர் ஊற்றினால் ஏறும். ஐந்தையும் பழக்க மூன்று வருடம் ஆனது. நாலாவது குடுவை இன்னமும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

படிவத்தைப் பற்றிச் சொன்னதும் கூட வேலை செய்கிற ஒருவர் கேட்டார்: "பெண்கள் விருதா? நல்லது. அப்ப அசல் விருதுக்கு எப்ப போடப் போற?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. தனி வரிசையில் நின்று வாங்கினால் அது எனக்குக் கிடைத்ததா, வரிசைக்குக் கிடைத்ததா? இந்தத் துறையில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், ஆறுதல் வேண்டாம்.

ஒட்டுநாடா எழுதியது:

குடுவை, முதலில் அந்தக் கருவியின் ஒலிப்பதிவு ஒன்றைப் போடுங்கள். படிக்கும்போதே காது ஊறுகிறது.

விருது விஷயம். இந்த வகையில் அதிகம் பேசப்படுவது பிரிட்டனின் ஓரம் விருதுகள். 2017ல் இசைக்கு நிதி தரும் பிஆர்எஸ் அறக்கட்டளையும் நியூ பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பும் சேர்ந்து தொடங்கியது. மின்னணு இசையின் முன்னோடி டாஃப்னி ஓரம் பெயரை ஏன் வைத்தார்கள் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஓரம் 1943ல், பதின்ம வயதில், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு பிபிசியில் இளநிலை ஸ்டுடியோ இன்ஜினியராகச் சேர்ந்தார். 1949ல் 'ஸ்டில் பாயின்ட்' என்று ஒரு படைப்பு எழுதினார். இரண்டு ஆர்கெஸ்ட்ரா, டர்ன்டேபிள்கள், மைக்குகள், வாசிக்க வாசிக்க அந்த ஒலியையே மாற்றும் மின்னணு வேலை. 1949ல்! பிபிசி அதை எடுத்துக்கொள்ளவில்லை. முதன்முதலாக மேடையில் கேட்டது 2016ல். அவர் இறந்ததோ 2003ல்.

1958ல் பிபிசியின் மின்னணு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நாடகத்துக்குச் சத்தம் செய்து கொடுக்கும் இடமாக மட்டும் அது நிற்பது பிடிக்காமல் அடுத்த வருடமே வேலையை விட்டார். கென்ட்டில் ஒரு பழைய பண்ணைக் கட்டடத்தைத் தன் ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு, ஓராமிக்ஸ் என்ற இயந்திரத்தை உருவாக்க ஆரம்பித்தார். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள்கள் பத்து, பக்கத்தில் பக்கமாக ஓடும். அதன் மேல் கறுப்பு மையால் கோடும் புள்ளியும் வரைய வேண்டும். விளக்கு வெளிச்சம் அதன் வழியாக ஒளிமின்கலத்தில் விழும், கோடு ஏறினால் ஒலி மாறும். ஒலியின் அலைவடிவத்தையும் கண்ணாடித் தகட்டில் கையால்தான் தீட்ட வேண்டும். ஒரு சுரம் எவ்வளவு சத்தமாக எழும்பி எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தூரிகையால் சொன்னவர் அவர்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். வேலையை விட்டபின் கிடைத்த சில்லறை வேலைகளில் அவர் காலம் ஓட்டினார். 1962ல் குல்பென்கியன் அறக்கட்டளை 3,550 பவுண்டு நல்கை கொடுத்தது, 1965ல் மறுபடியும் ஒன்று. அந்தப் பணம் வந்தபோது இயந்திரம் முடியவில்லை. முடிந்த பிறகு கொடுத்துப் பாராட்டியிருந்தால் பாராட்ட இயந்திரமே இருந்திருக்காது. அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

உங்கள் நாலாவது குடுவைக்கு வேண்டியது கைதட்டல் இல்லை, இன்னும் ஆறு மாத நேரம். இந்த மாதிரி விருதை அந்தக் கண்ணால் பாருங்கள்.

நேர்கோடு எழுதியது:

ஒட்டுநாடா எழுதியதை ரசித்துப் படித்தேன். இருந்தாலும் எதிர்க்கட்சியாகத்தான் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

காதுக்கு ஆண், பெண் தெரியாது. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் 1970களிலிருந்து திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்து ஆள் எடுத்தார்கள். அதுதான் நேர்மையான வழி. யார் அனுப்பியது என்று தெரியாமல் ஒலிக்கோப்பை மட்டும் கேட்டுத் தேர்வு செய்யுங்கள். தனி விருது வைப்பதால் வெளியே இருக்கும் பெரிய விருதுகளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது: "அவர்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே". குடுவையிடம் கேட்ட அந்த ஆள் முட்டாள்தனமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் உலகம் அப்படித்தான் யோசிக்கும், அதன் விலையை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபேடர் எழுதியது:

நேர்கோடு அண்ணா, திரை விஷயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா தேர்வில் எல்லோரும் ஒரே பகுதியைத்தான் வாசிப்பார்கள். அதனால் திரைக்குப் பின்னால் இருந்தாலும் ஒப்பிடலாம். குடுவையில் ஃபீட்பேக்கைப் பழக்கிய இன்னொருவர் இருந்தால்தானே ஒப்பிட? புதிதாக ஒன்று செய்பவரை, அவர் என்ன செய்தார், எதிலிருந்து செய்தார் என்று தெரியாமல் அளக்கவே முடியாது.

என் கதையும் கொஞ்சம். 14 வருடமாக நேரலை நிகழ்ச்சிகளுக்கு மிக்ஸிங் செய்கிறேன். போன மாதம் ஒரு நிகழ்ச்சி. கன்சோல் (ஒலிகளைக் கலக்கும் மேசை) முன்னால் நான்தான் நிற்கிறேன், கழுத்தில் ஹெட்போன், கை ஃபேடரில். பாடகரின் ஆள் ஒருவர் வந்து, என்னைத் தாண்டி, கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த பையனிடம் "சார், மானிட்டர்ல வாய்ஸ் கொஞ்சம் ஏத்துங்க" என்றார். பையன் பாவம், சுருட்டின கேபிளோடு என்னைப் பார்த்தான். நான் ஏற்றினேன். அவர் பையனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதை அழுகையாகச் சொல்லவில்லை, அன்று நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் 14 வருடத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். வேலை நான் செய்தேன், கணக்கு வேறு பெயரில் ஏறியது.

அதே ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பில் வேலை செய்த டீலியா டெர்பிஷயர் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்திடம் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. 1963ல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை. இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் தாளில் எழுதிக் கொடுத்ததை இவர் ஒலியாக்கினார். சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) இல்லாத காலம். ஒரு கம்பியை மீட்டிய சத்தம், சோதனை ஆஸிலேட்டர்களின் (ஒரே சுருதியில் ஒலிக்கும் மின்கருவிகள்) சத்தம், வெள்ளிரைச்சல் (நிலையம் சிக்காத வானொலியின் இரைச்சல் மாதிரி) எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, ஒவ்வொரு சுரத்தையும் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால் அரை நொடிச் சுரம் ஏழரை அங்குலத் துண்டு. தாளம் என்பது அங்குல அளவுகோலில் அளக்கிற விஷயமாக இருந்தது! கிரெய்னர் கேட்டுவிட்டு இதை நானா எழுதினேன் என்று வியந்தார், இணை இசையமைப்பாளர் என்று பெயர் போடவும் முயன்றார். பிபிசி விதிப்படி அது நடக்கவில்லை. திரையில் டெர்பிஷயர் பெயர் வந்தது 2013ல், அவர் இறந்து 12 வருடம் கழித்து.

எனக்கு விருது வேண்டாம், கிரெடிட் போதும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது.

மெட்டுக்காரன்77 எழுதியது:

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்: மாற்றுக் கருத்து சொல்லலாம், ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இழையைத் தொடருங்கள்.

நேர்கோடு எழுதியது:

நீக்கிய பதிவு என் கட்சிக்காரருடையது போலிருக்கிறது. அந்தக் கூட்டணி வேண்டாம், விலகிக்கொள்கிறேன்.

ஃபேடர், ஒப்பிடுவது பற்றி நீங்கள் சொன்னது சரி, திரை வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பொதுப் பிரிவே சிறந்தது என்பதை விடவில்லை.

ஒட்டுநாடா எழுதியது:

பொதுப் பிரிவு எப்படிப் போகும் என்பதற்குச் சமீபத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிரிட்டனின் பிரிட் இசை விருதுகளில் சிறந்த ஆண் கலைஞர், பெண் கலைஞர் என்றிருந்த பிரிவுகளை 2022ல் ஒன்றாக்கினார்கள். நோக்கம் நல்லது, இருமைக்குள் வராதவர்களை வெளியே நிறுத்தக் கூடாது என்பது. முதல் வருடம் பாடகி அடெல் வென்றார். அடுத்த வருடம் பரிந்துரைப் பட்டியலில் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள். சத்தம் கிளம்பியது, 2024ல் ஐந்தைப் பத்தாக்கினார்கள். சுவரை இடித்தாலும் நாற்காலி யாருக்கு என்ற பழக்கம் இடிவதில்லை.

அமெரிக்காவின் கிராமி இசை விருதுகள் பக்கம் பாருங்கள். 1970களில் தொடங்கிய 'ஆண்டின் தயாரிப்பாளர்' பொதுப் பிரிவுதான், செவ்வியல் அல்லாத இசைக்கானது. இதுவரை ஒரு பெண் வென்றதில்லை. 2018ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, முந்தைய ஆறு வருடங்களின் புகழ்பெற்ற பாடல்களை எடுத்து எண்ணியது. கலைஞர்களில் பெண்கள் 22.4 சதவீதம், பாடல் எழுதியவர்களில் 12.3, தயாரிப்பாளர்களில் 2. மைக்கிலிருந்து கன்சோலை நோக்கி நகர நகர ஆள் குறைகிறது.

நேர்கோடு எழுதியது:

அந்த 2 சதவீதம் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. வாசலிலேயே ஆள் வரவில்லை என்றால், உச்சியில் கோப்பை கொடுத்து என்ன பயன்? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்சோலைத் தொடக் கொடுங்கள், பணத்தை அங்கே போடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் விமன்ஸ் ஆடியோ மிஷன் 2003லிருந்து அதைத்தானே செய்கிறது?

அரைச்சுருதி எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தலைப்பில் இரண்டு சொல் இருக்கிறது, இழையில் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. அதனால் உள்ளே வருகிறேன்.

நான் இருமைக்குள் வராத ஆள். 'பெண்கள் மற்றும் பாலினப் பன்மையர்' என்று அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'மற்றும்' என்னைப் பின் சீட்டில் உட்கார வைக்கிறது. வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள் என்று மகிழ்வதா, வண்டி யாருக்காக ஓடுகிறது என்று கேட்பதா? ஒரு முறை ஒரு நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தபோது (எங்கே என்று சொல்ல விரும்பவில்லை) "உங்களை எந்தப் பக்கம் எழுதுவது" என்று மின்னஞ்சலில் கேட்டார்கள். படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருந்ததாம். நான் அனுப்பிய இசையைப் பற்றி அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இல்லை.

அதே சமயம் இதையும் சொல்லணும். மின்னணு இசையின் வரலாற்றில் திருநர்கள் ஓரத்தில் நிற்பவர்கள் இல்லை. 1968ல் வெண்டி கார்லோஸ் மோக் சிந்தசைசரில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்த இசைத்தட்டுதான் அந்தக் கருவியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மூன்று கிராமி. அந்த சிந்தசைசர் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். பாக்கின் பின்னல் முழுவதையும் வரிவரியாகத் தனித்தனியே பதிந்து அடுக்கினார். சுருதி அடிக்கடி நழுவும், நிறுத்திச் சரி செய்து மறுபடி பதிய வேண்டும். விருது அவருடைய பழைய பெயரில் வந்தது. ஏஞ்சலா மோர்லி 1970களில் இரண்டு முறை ஆஸ்கர் இசைப் பரிந்துரை பெற்றார். நம் காலத்தில் சோஃபி, உலோகம் நெளிகிற, பலூன் உராய்கிற மாதிரியான சத்தங்களைப் பதிவெடுக்காமல் அலைவடிவத்திலிருந்தே செதுக்கியவர். 2021ல் போய்விட்டார். அவர் ஒலியைக் காப்பியடிக்காத பாப் தயாரிப்பாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனவே தனி விருது கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பிப்பவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சான்று கேட்கக் கூடாது. நடுவர் மேசையில் எங்களில் ஒருவராவது உட்கார வேண்டும். குடுவை, உங்கள் படிவத்தில் நடுவர்கள் யார் என்று போட்டிருக்கிறார்களா? அதைப் பாருங்கள். தொகையை விட அது நிறையச் சொல்லும்.

ஃபேடர் எழுதியது:

அரைச்சுருதி, 'மற்றும்' பற்றி நீங்கள் சொன்னது சுருக்கென்றது. நானும் பெண்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன், மன்னிக்கணும்.

நேர்கோடு அண்ணாவுக்கு: வாசல், உச்சி என்று இரண்டாகப் பிரிக்கிறீர்கள். நடுவில் ஒரு நீளமான படிக்கட்டு இருக்கிறது, ஆட்கள் கழன்று விழுவது அங்கேதான். என்னோடு ஒலிப்பொறியியல் படித்த பெண்கள் ஆறு பேர். இன்று கன்சோல் முன்னால் நிற்பது நான் மட்டும். யாரும் திறமை இல்லாமல் போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி வீடு போவது என்பதிலும், அடுத்த வேலைக்கு யார் பெயரை யார் சொல்வது என்பதிலும் போனார்கள்.

கேட்பவள் எழுதியது:

இப்படிப்பட்ட ஒரு விருதுக்கு (பெயர் வேண்டாம்) இரண்டு முறை நடுவராக இருந்திருக்கிறேன். தத்துவத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் படிவத்துக்கு வருகிறேன்.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது விண்ணப்பம் கேட்போம். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடத்தில் காது நிமிர வேண்டும். மெதுவாகக் கட்டி எழுப்பி ஐந்தாவது நிமிடத்தில் மலரும் படைப்பு என்றால், மலரும் இடத்திலிருந்து வெட்டி அனுப்புங்கள். கலைக்குத் துரோகம்தான், செய்யுங்கள்.

உங்கள் பணியில் எது புதுமை என்ற கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேர் 'எல்லைகளைக் கடந்து', 'தொழில்நுட்பமும் மனிதமும் சந்திக்கும் புள்ளியில்' என்று எழுதுவார்கள். படித்துப் படித்து எங்களுக்கு மரத்துப் போச்சு. குடுவை இந்த இழையின் முதல் பதிவில் எழுதிய இரண்டாவது பத்தி இருக்கிறதே, அதை அப்படியே ஒட்டினால் போதும். உள்ளங்கையால் மூடினால் இறங்கும், தண்ணீர் ஊற்றினால் ஏறும். எனக்கு ஒலிப்பதிவு இல்லாமலே கேட்டுவிட்டது.

தயக்கம் பற்றி ஒன்று. எங்களுக்கு வந்தவற்றில் தன்னைக் குறைத்து எழுதியவை ஏராளம். "இது இன்னும் முழுமையடையவில்லை, ஆனாலும்..." என்று ஆரம்பிக்கும். முழுமையடையாததற்குத்தானே நல்கை! தொகை எதற்குச் செலவாகும் என்று கேட்கும் இடத்தில் 'என் பயணத்தைத் தொடர' என்று எழுதாதீர்கள். நான்கு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இத்தனை நாள் ஸ்டுடியோ, எனக்கு இவ்வளவு சம்பளம் என்று எழுதுங்கள். சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வரியை விட்டுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நடுவர் மேசை பற்றி அரைச்சுருதி சொன்னதை வழிமொழிகிறேன். முதல் வருடம் எங்கள் மேசையில் அப்படி யாரும் இல்லை. ஒரு விண்ணப்பத்தை நாங்கள் எவ்வளவு தப்பாகப் படித்தோம் என்பது அடுத்த வருடம்தான் புரிந்தது.

நேர்கோடு எழுதியது:

கேட்பவள், நேரடியாகக் கேட்கிறேன். வென்றவர்களுக்குப் பிறகு என்ன ஆனது? யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

கேட்பவள் எழுதியது:

எங்கள் விருதில் யாரும் எண்ணவில்லை, அது எங்கள் தப்பு. எனக்குத் தெரிந்த அளவில் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், ஒருவர் இசையையே விட்டுவிட்டார், மற்றவர்கள் நடுவில் எங்கேயோ. விருது நாளன்று எடுத்த புகைப்படம் மட்டும் எல்லோருடைய இணையதளத்திலும் இருக்கிறது.

நேர்கோடு எழுதியது:

நன்றி. மழுப்பாமல் சொன்னதற்கு.

என் நிலையைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். கோப்பையும் புகைப்படமும் மட்டும் என்றால் இன்னமும் வேண்டாம் என்பேன். காசும் நேரமும் கொடுத்து, இரண்டு வருடம் கழித்து என்ன ஆச்சு என்று கேட்கிற விருது என்றால் போடட்டும். குடுவை, 'அசல் விருது' என்று கேட்ட உங்கள் நண்பரிடம் அந்த அசல் விருதின் நடுவர் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் தனி வரிசையாகத்தான் இருக்கும், பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒட்டுநாடா எழுதியது:

எதிர்க்கட்சித் தலைவர் இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குடுவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பதில் போடாததற்குக் காரணம், ஒலிப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் பட்டியல் பார்த்தேன், ஐந்து பேர். அதில் ஒருவர் திருநர், ஒருவர் கருவி செய்பவர். அதுவே பாதித் தயக்கத்தைக் குறைத்தது. செலவுப் பட்டியலில் என் சம்பளத்தை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். இப்போது இருக்கிறது.

புதுமை என்ன என்ற கட்டத்தில்: "ஃபீட்பேக் என்பது ஒலிப்பொறியாளர்கள் அடக்க நினைக்கும் பிழை. நான் அதை ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கிறேன். நான்கு பழகிவிட்டன." இவ்வளவுதான். பிறகு உள்ளங்கை, தண்ணீர்.

ஒரு குழப்பம் மிச்சம். பதிவின் நாற்பதாவது நொடியில் நாலாவது குடுவை திடீரென்று ஒரு சுரம் தாவிவிட்டது. நான் கையை வைப்பதற்குள் மற்ற நான்கும் அதன் பின்னால் இழுபட்டுப் போயின. திருத்தி எடுத்த இன்னொரு பதிவும் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. எதை அனுப்ப?

கேட்பவள் எழுதியது:

தாவினதை. நாற்பதாவது நொடி வரை காத்திருக்க வைக்காதீர்கள், முப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஃபேடர் எழுதியது:

லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) போடாமல் அனுப்புங்கள். ஃபீட்பேக்கை அதில் போட்டு நசுக்கினால் அந்தத் தாவல் செத்துப்போகும். உச்சத்துக்கு ஒரு 6 டெசிபல் இடம் விட்டால் போதும். அப்புறம் இங்கேயும் ஒரு பிரதி போடுங்கள், ஒட்டுநாடா முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குடுவை எழுதியது:

அனுப்பிவிட்டேன். கோப்பு கீழே. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திறக்கவும்.